கடமையும் மலையேற்றமும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் ஒரே வேளையிற் பலருக்குக் கடன்பட்டவனாக வாழ்கின்றான். தொழில் அவனது காலத்தைக் கேட்கின்றது. குடும்பம் அவனது அண்மையைக் கேட்கின்றது. அறிவு அவனது கவனத்தைக் கேட்கின்றது. உடலோ உழைப்பையும் ஓய்வையும் ஒருங்கே கேட்கின்றது. இவற்றுள் எதற்கு எவ்வளவு வழங்குவது என்பது பழைமையான வினாவே. ஆயினும் சில வாழ்க்கை முறைகளில் அது வழமையினும் கூர்மை பெறுகின்றது. கணினிப் பாதுகாப்பைக் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், விடுமுறை நாட்களிற் பாறை ஏறச் செல்கின்றார் எனக் கொள்வோம். அவர்மீது இரு குற்றச்சாட்டுகள் எழலாம். பிறர் நம்பியிருக்கும் பணியை விட்டுத் தம் இன்பத்தை நாடுகின்றார் என்பது ஒன்று. ஆபத்தைக் குறைக்கும் கலையைப் போதிப்பவர் தாமே ஆபத்தைத் தேடிச் செல்கின்றார் என்பது மற்றொன்று. முன்னையது காலம் பற்றியது. பின்னையது உயிர் பற்றியது. இவ்விரண்டும் தனித்தனியே ஆராயத்தக்கன.

இவ்வினா கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்திற் தனிக் கனம் உடையது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனக் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்கள் சமதரையில் அமைந்தவை. தெற்கே பொத்துவிலைத் தாண்டி அறுகம்பை, பாணமை வரை சென்றாலன்றிப் பெரும்பாறைகளைக் காண்பது அரிது. இங்கு மலையேற்றம் அன்றாட வாழ்வின் பகுதியன்று. அதற்கென நாள் ஒதுக்கிப் பயணம் போகவேண்டும். மேலும், இப்பகுதியிற் கல்வி என்பது தனியொருவரின் உடைமையாகக் கருதப்படுவதில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், போரினால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்வியைத் தொடர இயலாது போன மாணவரின் தேவையிலிருந்து பிறந்தது. இத்தகைய சூழலில் விரிவுரையாளர் பதவியை அடைந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சிக்கனமும் ஓர் ஊரின் எதிர்பார்ப்பும் நிற்கின்றன. அவ்வுயிரை ஒரு பாறையின் விளிம்பிற் தொங்கவிட அவருக்கு என்ன உரிமை உண்டு என்று தாய் ஒருத்தி கேட்பின், அதனைப் பேதைமையான அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அறிவுப் பணியாளர் மலை ஏறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. மாலைதீவிற் காதியாகப் பணியாற்றிய இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளப் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் அளித்த துணையுடன் பாவா ஆதம் மலைக்குச் சென்றார். பாறையில் அறையப்பட்ட இரும்பு முளைகளையும், ஏறுவோர் பற்றிக்கொள்ளும் பத்துச் சங்கிலிகளையும் அவர் தம் பயண நூலில் விவரித்துள்ளார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாவின் பெயர் வழங்கியது. அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவர், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தாற் கலிமாவை ஓதுவர் என்பது அவர் தரும் காரணம். ஆயின் ஒரு வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. இப்னு பதூதா காதிப் பதவியைத் துறந்த பின்னரே மலை ஏறினார். மலையடிவாரத்தில் அவருக்காகக் காத்திருந்த வழக்குகள் எவையும் இல்லை. இன்றைய ஆசிரியரோ ஞாயிறன்று பாறையில் இருந்துவிட்டுத் திங்களன்று வகுப்புக்குத் திரும்பவேண்டியவர். பதவியைத் துறவாமல் மலையை விரும்புவதிலேயே சிக்கல் உள்ளது.

முதலிற் காலம் பற்றிய குற்றச்சாட்டை நோக்குவோம். கணினிப் பாதுகாப்பு முடிவற்ற பணி. காப்பவர் எல்லா வாயில்களையும் காக்கவேண்டும். தாக்குபவருக்கு ஒரு வாயில் போதும். தாக்குபவர் விடுமுறை நாட்களை மதிப்பதுமில்லை. இலங்கை அரச அலுவலகங்களின் மின்னஞ்சற் தொகுதி 2023 ஓகஸ்டில் மீட்புப்பணம் கோரும் தீநிரலுக்கு இரையானபோது, அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து சேர்ந்திருந்த மடல்கள் மீட்க இயலாது அழிந்தன. அக்காலப் பகுதிக்குரிய காப்புப்படி இருக்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டவருக்கு, காவலர் ஒருகணமும் கண்ணயரலாகாது என்று தோன்றுவது இயல்பே.

ஆயின் இவ்வெண்ணத்தின் உள்ளே ஒரு பிழை மறைந்துள்ளது. 2024 மார்ச் மாதம் வெளிப்பட்ட ஒரு சதி இதனைத் தெளிவாக்கும். உலகின் எண்ணற்ற கணினிகள் பயன்படுத்தும் எக்ஸ்-இசெட் என்னும் சுருக்குமென்பொருளைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றிப் பேணி வந்தவர் ஒருவரே. அவர் களைப்புற்றிருந்த வேளையில், வேலை மந்தமாக நடக்கின்றது எனச் சிலர் அவரை நெருக்கினர். உதவ வந்தவர்போற் தோன்றிய ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நற்பணி செய்து நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிற் பங்கும் பெற்று, இறுதியில் அம்மென்பொருளினுள் இரகசிய வாயிலொன்றை வைத்தார். ஆந்திரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், கணினி இணைப்பில் வழக்கத்துக்கு மாறாக ஏற்பட்ட அரை விநாடித் தாமதத்தை ஆராயப் புகுந்தமையால் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஓய்வின்றி உழைத்த தனிமனிதனின் களைப்பே அங்கு வாயிலாயிற்று. அதனைக் கண்டறிந்ததோ சிறு வேறுபாட்டையும் பொருட்படுத்திய விழிப்புள்ள மனம்.

எனவே, காவலரின் ஓய்வு காவலுக்குப் பகையன்று. அதற்கும் மேலாக, ஒருவர் இரண்டு நாட்கள் இல்லாதுபோனால் நிலைகுலையும் ஒழுங்கு, அவர் இருக்கும்போதும் பாதுகாப்பானதன்று. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த பாதுகாப்பு நெறிகளுள், ஒரு திறவுகோலைவிட இருவரிடம் உள்ள இரு திறவுகோல்கள் மேலானவை என்பதும் ஒன்று. தம் அறிவை மாணவருக்கும் சகபணியாளருக்கும் பகிர்ந்து, தாம் இல்லாதபோதும் பணி நடக்கும் வகையில் அமைத்துவிட்டுச் செல்லும் ஆசிரியர் கடமையைக் கைவிடவில்லை. அதனை நிறைவாகச் செய்திருக்கின்றார். அவ்வாறு அமைக்காது செல்பவரே குற்றத்துக்குரியவர்.

இனி உயிர் பற்றிய குற்றச்சாட்டு. பாதுகாப்பைப் போதிப்பவர் ஆபத்தை நாடுவது முரண்பாடு எனின், பாதுகாப்பு என்பது ஆபத்தே இல்லாத நிலை என்று கொள்ளப்படுகின்றது. அத்தகைய நிலை எங்கும் இல்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் இக்கரையோரத்து மக்கள் எந்த மலையையும் ஏறியிருக்கவில்லை. தம் வீடுகளிலும் வீதிகளிலும் இருந்தனர். அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்று இம்மண்ணில் எவரும் எளிதிற் கூறிவிட முடியாது. ஆயினும் இதிலிருந்து எல்லா ஆபத்தும் ஒன்றே என்று முடிவு செய்தலும் தவறு. தவிர்க்க இயலாது வந்த கேடு வேறு. தேடிச் சென்ற இடர் வேறு. பின்னையதற்கு மனிதன் விடை கூறவேண்டியவனாகின்றான்.

அவ்விடை எவ்வாறு அமையலாம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டவேண்டும் என்னும் நபிமொழிக் கருத்து இவ்வூர்களிற் சிறுவரும் அறிந்தது. கட்டாமல் விடுவது நம்பிக்கையன்று, அசட்டை. கட்டிய பின்னரும் நடுங்கிக்கொண்டிருப்பது எச்சரிக்கையன்று, நம்பிக்கையின்மை. அரிஸ்டோட்டில் வீரத்தை முரட்டுத் துணிவுக்கும் கோழைமைக்கும் நடுவே வைத்ததும், அஞ்சத்தக்கதை அறியாமையை வள்ளுவர் அறிவின்மையாகக் கண்டதும் இதனோடு இயைவன. முறைப்படி பாறை ஏறுபவர் தம் கயிற்றை ஒரே பிடிமானத்தில் விடுவதில்லை. முடிச்சைத் தாமும் பார்த்து, தோழரையும் பார்க்கச் செய்வர். மழைமேகம் கண்டால் இறங்குவர். இது கணினிப் பாதுகாப்பின் சிந்தனையே. எதனை நம்புகின்றோம், அது தவறினால் யாது நிகழும் என்னும் இரு வினாக்களே இரண்டிற்கும் அடிப்படை. ஆகவே, முரண்பாடு என்று தோன்றியது உண்மையில் ஒரே பண்பின் இரு வெளிப்பாடாகும்.

எனினும் திறமை மட்டும் அறத்தை நிறைவு செய்யாது. ஜோர்ஜ் மலோரி 1923இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புறக்கல்விப் பிரிவிற் பதவி பெற்று, அடுத்த ஆண்டே விடுப்புடன் எவரெஸ்டுக்குச் சென்றார். 1924 ஜூன் 8ஆம் திகதிக்குப் பின் அவர் திரும்பவில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் எஞ்சினர். அவரது துணிவைப் போற்றும் உலகம் அப்பிள்ளைகளின் இழப்பை எந்தத் தராசில் நிறுத்தும்? தன் உயிர் தன்னுடையதே எனக் கூறுபவன் பாதி உண்மையையே கூறுகின்றான். இஸ்லாமியச் சிந்தனையில் உயிர் அமானிதம், பேணி ஒப்படைக்கவேண்டியது. அறிஞர் வகுத்த ஷரீஆவின் ஐந்து நோக்கங்களுள் உயிரைப் பேணலும் ஒன்று.

இங்குதான் அளவு என்னும் பண்பு முதன்மை பெறுகின்றது. இருவரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜோன் கில், 1950களிலிருந்து சிறு பாறைகளையே தம் களமாகக் கொண்டார். உயரத்தை அன்றி அசைவின் நுட்பத்தைத் தேடிய அவர், கணிதத்தையும் விடாது கற்பித்தார். 1961இற் கயிறின்றி அவர் ஏறிய ஓர் உயர்ந்த பாறை ஊசி, அளவறிந்தவரும் ஒருகால் எல்லையைத் தாண்டக்கூடும் என்பதையும் காட்டுகின்றது. இலங்கையரான ஜொஹான் பீரிஸ், 2016இல் எவரெஸ்ட் உச்சிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் கீழே, உயிர்வாயுக் கருவியில் ஏற்பட்ட இடையூற்றாற் திரும்பினார். 2018இல் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். அடைந்ததைவிடத் திரும்பியதே அறவியல் நோக்கிற் பெரிது எனலாம். திரும்பத் தெரிந்தவரிடமே குடும்பம் ஓர் உயிரை நம்பி அனுப்ப முடியும்.

பேசப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. ஆசிரியர் பாறைக்குச் செல்லும் நாட்களிற் பிள்ளையைப் பராமரிப்பவர் யார்? முதியோருக்கு மருந்து கொடுப்பவர் யார்? ஆணின் ஓய்வு பெரும்பாலும் பெண்ணின் ஓய்வின்மையால் வாங்கப்படுகின்றது. அவளுக்கும் உடல் உண்டு. அவளுக்கும் மலைகள் உண்டு. 2016 மே 21ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணியே. அவர் பெண்ணுரிமைப் பணியில் ஈடுபட்டவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. தனக்கு வேண்டிய விடுமுறையை மனைவிக்கும் சகோதரிக்கும் வழங்க மனமில்லாதவன், சமநிலை என்னும் சொல்லைப் பயன்படுத்தத் தகுதியற்றவன்.

இறுதியாக ஒரு மறுப்பு எஞ்சுகின்றது. மனம் புத்துணர்ச்சி பெறுவதே நோக்கமெனின், கல்முனைக் கடற்கரையில் மாலை நடை போதாதா? போதும் என்றே கொள்ளலாம். ஆயின் மலையேற்றத்தைப் பணிக்கு ஊழியம் செய்யும் மருந்தாக மட்டும் கருதுவது மனிதனைக் கருவியாகக் கருதுவதாகும். நன்கு உழைப்பதற்காகவே ஓய்வு என்றால், உழைப்பு எதற்காக? பயன் கருதாது விரும்பப்படும் சிலவும் வாழ்வில் இருத்தல் வேண்டும். பாறையில் அடுத்த பிடியைத் தேடும் விரலுக்குப் பதவியும் பட்டமும் உதவா. அங்கு மனிதன் தன் அளவை நேர்மையாக அறிகின்றான். அவ்வறிவு வகுப்பறைக்குப் பயன்படுமாயின் நன்று; பயன்படாவிடினும் அதன் மதிப்புக் குறைவதில்லை.

ஆகவே, விடை தடையும் அன்று, தடையற்ற உரிமையும் அன்று. தாம் இல்லாதபோதும் பணி நிலைக்குமாறு செய்தல், இடரை அறிந்து அதற்கு எல்லை வகுத்தல், தாம் பெறும் ஓய்வைத் தம் இல்லத்தாருக்கும் உரியதாக்கல் ஆகிய மூன்றையும் நிறைவேற்றுபவர் மலை ஏறலாம். நிறைவேற்றாதவர் வீட்டிலேயே இருந்தாலும் கடமையைச் செய்தவராகார். அன்னையின் அச்சத்துக்கு அவர் அளிக்கத்தக்க மறுமொழி வாதம் அன்று. ஒவ்வொரு முறையும் உரிய நேரத்திற் திரும்பி வருதலே.