18 மணி நேரமும் சேர்வராயனும்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவனுக்கு ஸ்கூபா எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அம்மா மட்டும் கேட்பதில்லை. நான் புதுச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் மஞ்சள் துணியில் காசு முடிந்து எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொள்வார். அவருடைய சண்டையெல்லாம் நான் திரும்பி வரும்போதுதான்.

ஞாயிறு மதியம் கடைசி டைவ் முடிந்தால் இரவே வீட்டுக்கு வந்துவிடலாம். நான் சேலத்திலேயே தங்கிவிடுவேன். "அடிவாரம் வரைக்கும் வந்துட்டு லாட்ஜுக்குக் காசைக் கொட்டுவியா? சாமிக்கு முடிஞ்சு வெச்சிருக்கேன், அவன் பார்த்துக்குவான், ஏறி வா" என்பார் போனில்.

ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து, கரையேறிய பிறகும் மணிக்கணக்கில் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழ் கட்டும். மூட்டு வலியோடும் போகலாம், கைகால் விழுந்தும் போகலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002இல் கூட்டிய ஆய்வரங்கு, விமானம் ஏறுமுன் ஒரே டைவ் என்றால் 12 மணி நேரமாவது, பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது பொறுக்கச் சொன்னது. ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்துக்கு அந்தக் கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேர்வராயன் கோயில் 1,623. ஆக, 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான். சேலம் 300 மீட்டரைத் தாண்டாது. அங்கே படுத்துத் தூங்கலாம்.

இதெல்லாம் அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. நீயே எல்லாம் பார்த்துக்கொள்வாய் என்றால் சாமி எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

நானே எல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது என்பதையும் இந்த டைவிங்தான் கற்றுக்கொடுத்தது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் எழும்பி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் சொன்னபடியே நடந்தவருக்கும் அந்தக் குமிழ் நோய் வந்திருக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத சிறு வழி உண்டு. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழ் அதன் வழியே மறுபக்கம் கடந்துவிடலாம். பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். ஊழுக்கு உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் நாம் ஊழை எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் "என்ன பாவம் பண்ணினானோ" என்கிறோம். படகிலும் அதே விசாரணைதான்: "ராத்திரி குடிச்சியா? அவசரமா மேலே வந்தியா?" அவன் தப்பு செய்திருந்தால்தானே நமக்கு வராது என்று நிம்மதியாக இருக்கலாம்! வினைப்பயன் என்ற பெரிய தத்துவத்தை இப்படி அடுத்தவன் மேல் வைக்கும் வழக்காகச் சுருக்கியது நம் கோழைத்தனம்.

நம்பிக்கையை வேறு மாதிரி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மன்னார் முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்ட அவர் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள். இப்படிச் சுறாவைக் கட்டுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்கிறார். இலங்கையைப் பற்றி 1859இல் நூல் வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், தம் காலத்துக் கடல்கட்டி கத்தோலிக்கர் என்கிறார். அதனால் மந்திரம் பலிக்காது என்று யாரும் நினைக்கவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மந்திரம் சொன்ன பிறகும் குளியாளின் கயிற்றை மேலே ஒருவர் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். மந்திரத்தை நம்பிக் கயிற்றை விட்டவரில்லை. கயிறு இருக்கிறதென்று மந்திரத்தை நிறுத்தியவருமில்லை.

அம்மாவுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். 18 மணி நேரம் என் பங்கு. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிற ஆபத்துக்குத்தான் சேர்வராயன். என் பங்கையும் சேர்த்து அவன் தலையில் கட்டினால் அது பக்தியில்லை, சோம்பேறித்தனம்.

புதிதாக டைவிங் பழகும் மலையூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழே ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். அப்படியும் மறுநாள் மூட்டு வலித்தாலோ, கை மரத்தாலோ, என்ன தப்பு செய்தாய் என்று கேட்பார்களே என்று மறைக்காதீர்கள். டைவ் செய்ததைச் சொல்லி உடனே மருத்துவரிடம் ஆக்சிஜன் கேளுங்கள்.