மனை வாங்கும் முன்: அந்த மண்ணில் யாருடைய ஹக் இருக்கிறது?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக ஆரம்பிக்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! பைபாஸ் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் கல் நட்டு, கலர் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் இருந்து லீவில் வருகிற தம்பிமார்கள் சேர்த்த காசை எதில் போடுவது என்று கேட்கிறார்கள். வட்டி வேண்டாம் என்று பேங்க் டெபாசிட்டை விட்டவர்களுக்குக் கண்ணில் படுவது மனைதான். நல்ல எண்ணம். நிலம் வாங்கி விற்பது ஹலாலான வியாபாரம். ஆனால் முதல் மனை வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

போன ரமளானுக்கு முன்னால் ஒரு சகோதரர் அஸருக்குப் பிறகு வந்து உட்கார்ந்தார். 18 வருடம் சவூதியில் வண்டி ஓட்டியவர். ஊருக்கு வெளியே 32 சென்ட் வாங்கியிருந்தார். இரண்டு வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. விற்றவருடைய இரண்டு சகோதரிகளும், வயதான தாயாரும் எங்கள் பங்கு எங்கே என்று கேட்கிறார்கள். “ஹஜ்ரத், ஈசி பார்த்தேன், பட்டா அவர் பேரில்தான் இருந்தது” என்று சொல்லி அழுதார்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். நிலம் விற்றவருடைய அத்தாவின் சொத்து. அவர் மவுத்தானபோது மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருந்தார்கள். சூரத்துன் நிஸாவில் அல்லாஹ் வகுத்த பங்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 சென்ட். மீதி 28இல் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. ஆக, விற்றவருக்குச் சொந்தம் 14 சென்ட்தான். 32க்கும் காசு வாங்கிவிட்டார். நம் சகோதரர் 18 சென்டை அது யாருடையதோ அவர்களிடம் கேட்காமல் வாங்கிவிட்டார். சட்டமும் இப்படித்தான் சொல்கிறது: ஒரு வாரிசு தன் பங்கை மட்டும்தான் விற்க முடியும்.

ஈசி என்பது பதிவாபீஸில் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவாகாத எதுவும் அதில் வராது. ஒருவர் மவுத்தாகும்போது அவருடைய வாரிசுகளுக்குப் பங்கு அந்த நிமிடமே உண்டாகிவிடுகிறது. அதற்குப் பத்திரம் தேவையில்லை, ஆகவே ஈசியிலும் இராது. நம் சமுதாயத்தில் வாய்மொழி ஹிபா உண்டு. முஸ்லிம்கள் கொடுக்கும் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று சட்டமே விலக்கு தந்திருக்கிறது. அதுவும் ஈசியில் தெரியாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டும் ஒருவரை முழு உரிமையாளராக்கிவிடாது.

அதனால், ஒரு சொத்து பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். “தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே நிறைய நகை போட்டாச்சு, அவ கேட்க மாட்டா” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நகை போட்டது வேறு, பங்கு வேறு. வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யதீமின் சொத்து நெருப்பு.

ஸயீத் இப்னு ஸைத் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். என் நிலத்தைப் பிடுங்கிவிட்டார் என்று ஒரு பெண்மணி அவர்கள் மீது மர்வானிடம் வழக்குப் போனார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு நானா எடுப்பேன் என்று கேட்டுவிட்டு, அந்த நிலத்தையே அவளுக்கு விட்டுவிட்டார்கள். முஸ்லிமில் உள்ள செய்தி. தன் பக்கம் ஹக் இருந்தும் விட்டுவிடுகிற அளவுக்கு அந்த ஒரு சாண் அவர்களைப் பயமுறுத்தியது.

தாய்ப்பத்திரத்தில் இருந்து இன்று வரை கைமாறிய தொடர்ச்சியைப் பாருங்கள். ஈசி குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு டீ குடியுங்கள். பத்திரம் சொல்லாததை அவர் சொல்வார். வக்ஃபு நிலமா என்றும் விசாரியுங்கள். விற்கிறவர் நம்மவர் என்பது அதற்குப் பதில் ஆகாது.

லேஅவுட்டில் வாங்கினால், “பஞ்சாயத்து அப்ரூவ்டு” என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டுக்கு ரெரா பதிவு எண்ணும் வேண்டும். பதிவான ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டம் விற்பவரை அனுமதிக்கவில்லை. ஏசி பஸ், பிரியாணி, தங்கக்காசு எல்லாம் சதுர அடி விலையில்தான் ஏறியிருக்கிறது. பக்கத்தில் இருந்து “நான் நாலு மனை எடுத்துக்கறேன்” என்று குரல் கொடுப்பவர் அவர்கள் ஆளாகவே இருக்கலாம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவதற்கு நஜ்ஷ் என்று பெயர், நபியவர்கள் தடுத்தது.

காசு விஷயம். குமர் காரியத்துக்கு வைத்த பணத்தை மனையில் போடாதீர்கள். நிலம் நாம் நினைத்த மாதத்தில் விற்காது. பிறகு வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் நடத்த வேண்டி வரும். கையில் உள்ளது போதவில்லையென்றால் இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குங்கள். ஆனால் எல்லாருடைய பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. மச்சானிடம் எப்படி எழுதிக் கேட்பது என்று வெட்கப்படாதீர்கள்.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பது பொய்சாட்சி. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. அந்த சவூதி சகோதரர் இதிலும் மாட்டினார். கொடுத்ததில் பாதிதான் பத்திரத்தில் இருந்தது. மற்றப் பாதிக்கு இன்று சாட்சி இல்லை.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் மட்டும் போட்டுவிட்டு, கிரையம் ஆவதற்குள் அடுத்தவருக்கு லாபம் வைத்து விற்கிறார்கள். அக்ரிமெண்ட் வாக்குறுதிதான், நிலம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னார்கள். வாங்கிய நிலத்தைக் கைப்பற்றும் முன் விற்கலாமா என்பதில் ஹனஃபி, ஷாஃபி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது கிரையம் முடிந்த நிலத்தைப் பற்றியது. அதை இதற்கு ஆதாரமாக்காதீர்கள்.

விற்கும் நிய்யத்தில் வாங்கிய மனை வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியாகும் அன்றைய விலைக்கு இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கு இல்லை, சேரும் வாடகைப் பணத்துக்கு உண்டு.

சகோதரர்களே! வாங்குகிறவர்களுக்கு மட்டும் இவ்வளவு சொன்னேன். அத்தாவின் நிலத்தைத் தன் பேருக்குப் பட்டா மாற்றி வைத்திருப்பவர்களும் இந்த ஸஃப்பில் இருக்கலாம். பங்குக் கணக்குத் தெரியவில்லையென்றால் நாளை இஷாவுக்குப் பிறகு வாரிசுகளின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். பத்திரத்துக்கு வக்கீலிடம்தான் போக வேண்டும். தனியாக வராமல், முடிந்தால் ராத்தாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலாக்குவாயாக. ஆமீன்.