‘நீ’ என்னும் சொல்லும் நம் பிள்ளைகளும்

தந்தையின் நண்பர் வந்தால், ‘வாங்க மாமா’ என்கிறது ஆறு வயதுப் பிள்ளை. அறுபதைக் கடந்த துப்புரவுத் தொழிலாளி வாசலில் நின்றாலோ, ‘நீ அப்புறம் வா’ என்கிறது. காலையில் மக்தபில் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிழையின்றி ஒப்புவித்த அதே பிள்ளை! இதைக் கற்பித்தவர் யார்? யாருமில்லை என்பர் வீட்டார். அது பொய்யுமன்று. ‘பெரியவர்களை மதித்துப் பேசு’ என்றே அவர்கள் சொல்லிவந்தனர். ஆனால் யாருக்கு நாற்காலி, யாருக்குத் திண்ணை, யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் என்பதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. ‘பெரியவர்’ என்பதற்கு வயது பொருளன்று எனத் தானாகவே முடிவு செய்துகொண்டது. இலக்கண ஆசிரியரும் வியக்கும் நுட்பம்தான்.

தாழ்த்தப்படுவோரின் பிள்ளைகளும் இதே கணக்கைக் கற்றுவிடுகின்றனர் என்பதே நம்மைப் பெரிதும் வருத்துவது. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளநூல் அறிஞர் தம்பதியர், 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம், நிறத்தால் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினர். விளையாட எது வேண்டும் என்றதற்கு, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வெள்ளைப் பொம்மையையே எடுத்தனர். ‘உன்னைப் போன்றது எது?’ என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதனர். இவ்வாய்வு 1947இல் வெளிவந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கிளார்க்கின் எழுத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் சான்றாகச் சுட்டிற்று. எனினும், கலப்புப் பள்ளிகளில் படித்த வடபகுதிக் குழந்தைகளிடம் இவ்விருப்பம் குறைந்திருக்கவில்லை என்பதும் அவ்வாய்விலேயே உள்ளது.

ஒரே ஸஃப்பில் நிற்கும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸலாம் கொடுத்த பின், கல்யாண விருந்தில் யாருடைய சஹனில் யார் அமர்கிறார், யாருக்குக் கொல்லைப்புறத்தில் சோறு போகிறது என்பதையும் பிள்ளை பார்க்கிறது.

பருவமடையாத பிள்ளை மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நம் ஷரீஅத்தின் முடிவு. எனில் அந்த ‘நீ’ யாருடைய ஏட்டில் எழுதப்படும்? ‘அறியாப் பருவம், வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பாருக்கு நாம் உடன்படோம். பாலிகான நாளில் நாக்கு மாறிவிடுவதில்லை. தொழுகை கடமையாகும் முன்பே, ஏழு வயதில் அதற்குப் பிள்ளைகளை ஏவச் சொன்னது மார்க்கம். நாவுக்கும் அம்முறையைக் கைக்கொள்ளலாகாதா?

இதற்குத் தனியே பயான் வேண்டாம். பிள்ளையின் முன்னிலையில் வீட்டுத் தலைவரே அம்முதியவரை ‘வாங்க’ என்றழைத்து, தாம் அமரும் நாற்காலியை இட்டால் போதும். அவர் உட்காரத் தயங்குவார். நாலைந்து முறையேனும் வற்புறுத்த நேரிடும்.