நந்தி வாயில் விழும் கங்கை

கன்னடத்துக் கார்த்திகை தீபாவளி கழிந்த கையோடு பிறந்துவிடும். நமக்கு அது இன்னும் ஐப்பசி. தங்கவயலில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு கொள்ளை லாபம்: இரண்டு கணக்கையும் சேர்த்தால் சிவனுக்குக் கூடுதலாகச் சில சோமவாரங்கள் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு சோமவாரத்தில்தான் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். கோலார், அந்தரகங்கை, ஆவணி. விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பனி இறங்கியிருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. இந்தக் குளிருக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று கொஞ்சினார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் சினிமா வந்த பிறகு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து, படம் எடுத்த இடம் எது என்று கேட்டுவிட்டு, கம்மசந்திரத்துக் கோடிலிங்கத்தில் 108 அடி லிங்கத்தின் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதையும் குறை சொல்லமாட்டேன். வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிறவனா அவன்?

கோலாரில் முதலில் கோலாரம்மாள். கங்கர்கள் ஆண்ட குவளாலபுரம் இது. முன்பு இருந்த செங்கல் கோயில் ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளியானது. சுவரெல்லாம் தமிழ்க் கல்வெட்டு. அதில் இவள் பெயர் பிடாரியார். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டுவரும் எங்களுக்கு, ஆயிரம் வருஷமாக நம் எழுத்தை மேனியில் சுமந்து நிற்கும் அந்தச் சுவரைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தது. தாயே, நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை, உனக்குத் தெரியும்.

அவள் உக்கிரம் தாங்காது என்பதால் எதிரே ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில்தான் பார்க்க வேண்டும். கூட வந்த அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பி, “அங்க பாக்காதம்மா, கண்ணாடியில பாரு” என்றாள். பார்த்தேன். குங்குமமும் வெள்ளிக் கண்ணும். அதற்குக் கீழே என் முகமும். அவ்வளவு உக்கிரத்தின் பக்கத்தில் என் முகம் எப்படிச் சேதமில்லாமல் இருந்தது? அதுதான் கருணையா? ‘அம்மா, அம்மா’ என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. பக்கத்துச் சன்னதியில் தேள்கடி காக்கும் சேளம்மா. அங்கே உண்டியல் என்பது தரைக்குள் இறங்கும் ஒரு குழி. போட்டது போட்டதுதான். நாங்கள் நூற்றிருபது வருஷம் பூமியிலிருந்து பொன்னை எடுத்துக்கொண்டே இருந்தவர்கள். இங்கே ஒரு காசைப் பூமிக்குள் போட்டபோது, பழைய கடனில் கொஞ்சம் கழிந்ததுபோல் இருந்தது.

அந்தரகங்கை ஊரை ஒட்டியே இருக்கிறது. சதசிருங்க மலை. படிகள், குரங்குகள், பொரி விற்கும் பெண்கள். மலை என்றால் பச்சைப் போர்வை என்று நினைத்து வராதீர்கள். யானை யானையாகப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பனிமலை பார்க்க ஆல்ப்ஸுக்குப் போகிறவர்கள் போகட்டும். ஆல்ப்ஸ் எழும்பிச் சில கோடி வருஷந்தான் ஆகிறது, எங்கள் கோலார்ப் பாறைக்கு வயது 250 கோடிக்கு மேல். பூமி குழந்தையாக இருந்தபோது பிறந்த கல்லின்மேல் வெறுங்காலோடு ஏறுகிறோம் என்ற நினைப்பிலேயே பாதி மலை ஏறிவிட்டோம்.

மேலே காசி விசுவநாதர். முன்னால் குளம். கல் நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது.

இதன் அருமை கோலார் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டியும் புகை விடும். 2018 முதல் பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவந்து எங்கள் ஏரிகளை நிரப்புகிறார்கள். தங்கவயலுக்கோ பேத்தமங்கலத்துப் பாலாற்றுத் தண்ணீர். அதற்கும் குழாயடியில் காத்து நிற்க வேண்டும். இப்பேர்ப்பட்ட சீமையில், காய்ந்த பாறை மலையின் சரிவில், யாரும் கேட்காமல், மோட்டார் இல்லாமல், ஒரு நந்தி வாய் திறந்து கங்கையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது!

கைகளை நீட்டினேன். அந்தக் குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏறியது. என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே பாறையே கொதிக்கும் என்பார். ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் பொன். ஆண்டவனே, இதே பாறையைத்தானே நாங்கள் வெடி வைத்துப் பிளந்தோம்? நீ பிளக்காமலே ஊறவைக்கிறாயே! எங்கள் பொன்னெல்லாம் இந்த ஒரு கை நீருக்கு ஈடாகுமா? குடித்தேன், தலையில் தெளித்துக்கொண்டேன், சிரித்தேன், அழுதேன். “ஏம்மா, அழுவுறியா?” என்ற அத்தையின் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

மத்தியானம் ஆவணி. முளபாகல் போகும் வழியில் பிரிந்து போக வேண்டும். அடிவாரத்தில் நுளம்பர் காலத்து ராமலிங்கேசுவரர் கோயில்கள். ராமன், இலக்குமணன், பரதன், சத்துருக்கனன் என்று ஆளுக்கொரு லிங்கம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் புல்வெளி நடுவே அமைதியாக இருக்கின்றன. சிற்பம் ரசிப்பவர்கள் ஒரு நாள் முழுக்க இங்கேயே இருக்கலாம். என் மனம் மலைமேல் இருந்தது. மேலே இருப்பவள் சீதை.

காட்டுக்கு அனுப்பப்பட்டவள் வால்மீகியின் நிழலில் லவனையும் குசனையும் பெற்ற இடம் இதுதான் என்று ஊர் நம்புகிறது. பிள்ளை வேண்டி வரும் பெண்கள் சுனையில் முழுகி ஈரப்புடவையோடு அவள் முன் நிற்கிறார்கள். அத்தை கேட்க வந்தது பிள்ளை இல்லை. மாமா சுரங்கத்தில் பாறை வெடிப்பில் போனபோது அவளுக்கு இரண்டு பையன்கள், சின்னவன் கைக்குழந்தை. தனியாக வளர்த்தாள். “இவளும் ரெண்டு பசங்கள ஒண்டியா வளத்தவதானே?” என்றாள். வேறு எந்தச் சாமியிடமும் அத்தை இவ்வளவு சமமாகப் பேசிக் கேட்டதில்லை.

பூமியில் பிறந்து, கடைசியில் பூமி பிளக்க உள்ளே போனவள் சீதை. பூமிக்குள் போய்த் திரும்பாதவர்களை நாங்களும் அறிவோம். தாயே, அவர்கள் உன் மடிக்குத்தான் வந்தார்கள் என்று அன்று அந்த மலையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. காற்று பலமாக அடித்தது, கற்பூரம் அணையாமல் நின்றது, சுற்றிலும் ஏரியும் கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்புமாக நாடு விரிந்து கிடந்தது. எனக்குள் அழுது தீர்க்காமல் வைத்திருந்ததெல்லாம் கரைந்து போயிற்று. அத்தை கும்மி கொட்ட ஆரம்பித்தாள். வேனில் வந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், அடிக்கடி முழங்கால் வலி என்று புலம்புகிறவர்கள் உட்பட.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. அதன்பின் எங்கள் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு வீட்டில் வெளிச்சம். அந்த ஞாயிறுகளில் ஒன்றையாவது இந்தச் சீதைக்கும் அந்த அந்தரகங்கை ஈசனுக்கும் கொடுங்கள் பிள்ளைகளே.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கினால் கோலாருக்குப் பஸ் உண்டு. ஆவணி மலையை வெயில் ஏறுமுன்போ சாயங்காலமோ ஏறுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். அந்தரகங்கைக் குளத்தில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள், பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அந்த நீரை மக்கள் கையில் ஏந்திக் குடிக்கிறார்கள்.