துப்பாக்கியும் வண்ணக்கட்டியும்

கொல்லக் கற்ற கை ஓவியம் தீட்டலாமா? அது படைவீரனின் உறுதியைத் தளர்த்திவிடும் என ஐயுறுவோர் உளர்.

எரிக் கென்னிங்டன் என்னும் ஆங்கில ஓவியர் 1914-இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். 1915-இல் பிரான்சுப் போர்முனையில் காயமுற்று விலகினார். 1917-இல் போர்க்கள ஓவியராக அங்கு மீண்டும் சென்று, வீரர்தம் முகங்களைப் பாஸ்டல் வண்ணங்களால் தீட்டினார்.

பாஸ்டல் என்பது வண்ணப்பொடியைச் சிறிதளவு பசையுடன் பிசைந்து உலர்த்திய கட்டி. தாளில் அது படிந்திருக்குமேயன்றி ஊறுவதில்லை; விரல் பட்டாலே கலையும். ஆதலின், அதனைக் கையாள்வோன் மென்மையைக் கற்றே தீரவேண்டும்.

கலையறிந்தோர் எல்லாம் கருணையுடையோர் அல்லர். வரலாறே அதற்குச் சான்று. ஆயினும், ஒரு முகத்தை நெடுநேரம் உற்றுநோக்கி வரைந்தவனுக்கு, எதிரியின் முகமும் வெறும் இலக்காகத் தோன்றுதல் அரிது. அவன் கடமையைச் செய்வான். கடமைக்கு மேற்பட்ட கொடுமைக்கு நாணுவான். அந்த நாணம் உறுதியின் குறைவன்று, அதன் எல்லையாகும்.

கோப்புகளில் மனிதரை எண்களாகவே கண்டு பழகிய எம்போன்ற எழுத்தர்க்கும் இது பொருந்தும். துப்பாக்கி காவலின் கருவி. காக்கப்படுவது யாதென நினைவூட்டுவது வண்ணக்கட்டி. ஒன்றை ஏந்தியவன் மற்றொன்றைத் துறக்க வேண்டுவதில்லை.