தெரியாது என்பதும் சொல்லமாட்டோம் என்பதும்

1962 மார்ச் 16 அன்று பசிபிக் கடலின் மேல் ஒரு விமானம் காணாமல் போனது. ஃப்ளையிங் டைகர் லைன் என்ற தனியார் நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன் அது. அமெரிக்க இராணுவம் வாடகைக்கு எடுத்திருந்தது. கலிஃபோர்னியாவின் ட்ராவிஸ் தளத்தில் கிளம்பி, ஹொனலூலு, வேக் தீவு, குவாம் என்று இறங்கி ஏறி, பிலிப்பைன்ஸ் வழியாகச் சைகோன் போக வேண்டியது. 93 அமெரிக்க வீரர்கள், 3 தென் வியட்நாமியர், 11 விமானப் பணியாளர்கள். குவாமை விட்டு ஒன்றரை மணி நேரத்தில் கடைசியாகப் பேசியது, அவ்வளவுதான். எட்டு நாட்கள் கடலைச் சலித்தார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த வழியே போன எண்ணெய்க் கப்பலில் இருந்தவர்கள் வானத்தில் ஏதோ வெடித்ததுபோல் வெளிச்சம் கண்டதாகச் சொன்னார்கள். சிதைவு கிடைக்காததால் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று விசாரணை வாரியம் எழுதி முடித்தது.

இதுவரை நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். கடல் பெரியது. தெரியாது என்பது நேர்மையான பதில்தான். என் கேள்வி வேறு. அந்தப் பதிலைச் சொல்லும் தகுதியை ஓர் அரசு எப்போது இழக்கிறது?

1962இல் வியட்நாமில் தான் போரிடுவதாகவே அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆலோசகர்களை அனுப்புவதாகத்தான் சொன்னது. அப்படியானால் காட்டுப் போர்ப் பயிற்சி பெற்ற 93 பேர் எதற்காகப் போனார்கள்? குடும்பங்கள் அறுபதாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. எதற்காக அனுப்பினோம் என்பதை மறைப்பவர்கள், எப்படி இறந்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது என்று சொல்லும்போது யார் நம்புவார்கள்? அது உண்மையாகவே இருந்தாலும் நம்ப முடியாது. அதே நாளில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம், அதுவும் ட்ராவிஸிலிருந்து இராணுவச் சரக்கோடு கிளம்பியது, அலாஸ்காவின் ஏடாக் தீவில் இறங்கும்போது நொறுங்கியது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் வாய் திறக்காத வீட்டில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. கதவு சாத்தும் சத்தத்துக்கும் அங்கே பொருள் உண்டு. நாசவேலை, கடத்தல் என்று ஊகங்கள் வளர்ந்தன. ஊகிப்பவர்களைப் பித்துப் பிடித்தவர்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பித்துக்கு விதை போட்டவர்கள் கோப்பைப் பூட்டியவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். 1962இல் அது ஒரு வாதம், மறுக்கவில்லை. 1975இல் போரே முடிந்துவிட்டது. சைகோனுக்குப் பெயரே மாறிவிட்டது. அமெரிக்கர்கள் அங்கே சுற்றுலா போகிறார்கள். அந்த இரகசியம் இப்போது யாரிடமிருந்து யாரைக் காக்கிறது?

உடல் கிடைக்காத கணவனின் மனைவி என்ன முறையில் வாழ்வது? நம் ஊரில் இந்தக் கேள்வி பூவிலும் பொட்டிலும் வந்து நிற்கும். எடுத்தாலும் பழி, எடுக்காவிட்டாலும் பழி. நம் சாட்சியச் சட்டமோ, ஏழாண்டு தகவல் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கருத இடம் தருகிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 வங்கக் கடலில் மறைந்தபோது இதைத்தான் யோசித்தேன். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்திருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. இத்தனை தாமதமாக வந்தாலும் அது ஒரு பதில். எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எந்த இடம் என்று சொன்ன பதில். அந்த 107 பேரின் வீடுகளுக்கு அப்படி ஒரு தாள்கூட வரவில்லை.

வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் 1982இல் எழுந்தது. மாயா லின் மாணவியாக இருந்தபோது வடிவமைத்தது. 58,000க்கு மேற்பட்ட பெயர்கள். அந்த 93 பேர் அதில் இல்லை. போர் எல்லைக்கு வெளியே இறந்தார்கள் என்பது காரணம். 1965இல் ஹாங்காங்கில் விமானம் விழுந்து இறந்த மரைன் வீரர்களின் பெயர்கள் மட்டும் பின்னால் சேர்க்கப்பட்டன. ஆக விதி வளையும், யாருக்கு என்பதுதான் விஷயம். சுவரில் உள்ள பெண்கள் எட்டுப் பேர், எல்லோரும் இராணுவச் செவிலியர். காணாமல் போன விமானத்தின் பணிப்பெண்களுக்கு அந்த வரிசையில் நிற்கும் வாய்ப்பே கிடையாது. சீருடை விமான நிறுவனத்துடையது. சாவு மட்டும் இராணுவத்தோடு.

நடுகல் பாடம் நடத்தும்போது மாணவிகளிடம் நான் சொல்வதுண்டு: செங்கம் பகுதிக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், ஊர் இருக்கும், எந்த ஆநிரைப் பூசலில் விழுந்தான் என்பதும் இருக்கும். எப்படிச் செத்தான் என்று ஊருக்குத் தெரிந்த பிறகுதான் கல் நட்டார்கள். மனைவியின் பெயரைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை என்பது வேறு சண்டை.

2021 மே மாதம் மெய்ன் மாநிலத்தின் கொலம்பியா ஃபால்ஸில் அந்த விமானத்துக்கு ஒரு கல் நிறுத்தினார்கள். நட்டது அரசு அல்ல, கல்லறைகளுக்கு மலர் வளையம் வைக்கும் ஒரு தொண்டு அமைப்பு. அப்பா கிளம்பியபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கும் அப்போது அறுபது வயதை எட்டப்போகிற நேரம்.