ஆடாமல் விட்ட கோப்பை

ஓர் அரசு தன் குடிகளை நிறத்தால் பிரித்து நடத்துமாயின், அயல் அரசுகள் அதனைத் தட்டிக் கேட்கலாமா? பிறந்த மண்ணை விட்டு வாழும் நமக்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று.

தென்னாப்பிரிக்க இந்தியர் நிலம் வாங்கும் உரிமையைச் சுருக்கிய சட்டத்தை எதிர்த்து, 1946-இல் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா முறையிட்டது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழியினரும் அவர்களுள் அடங்குவர். இஃது உள்நாட்டு விவகாரம் என்று பிரதமர் ஸ்மட்ஸ் மறுத்தார். ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு வரைவு எழுதியவரும் அவரே என்பது வேடிக்கைதான்! பொதுச்சபை 32க்கு 15 என்னும் வாக்குகளால் இந்தியாவின் பக்கம் நின்றது.

தீர்மானம் எளிது, அதற்கு விலை கொடுப்பதன்றோ அரிது? இந்தியா அவ்வாண்டே தென்னாப்பிரிக்க வணிகத்தைத் துறந்தது. வல்லரசுகளோ நெடுங்காலம் வணிகத்தை விடாமல் கண்டனம் மட்டுமே மொழிந்தன. படைக்கலத் தடை கட்டாயமாவதற்கு 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

1974-இல் டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிரணியாக வாய்த்தது தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே அவர்களிடம் சென்றது. சென்னையின் ஆனந்த், விஜய் அமிர்தராஜ் சகோதரர் நம் அணியில் இருந்தனர். கொள்கை அரசினுடையது; இழப்போ அவ்விளைஞர்களுடையது. பிறர் உழைப்பின் பயனைக் கொண்டு ஓர் அரசு அறம் செய்யலாமா என்று நாம் தயங்கவே செய்கிறோம். ஆயினும், எவரும் எதனையும் இழவாத கண்டனத்தைப் பிரிட்டோரியா பொருட்படுத்தியிருக்குமா?

1994-இல் அந்நாட்டில் எல்லா நிறத்தாரும் வாக்களித்தனர். டேவிஸ் கோப்பையை இந்தியா இன்றளவும் வென்றதில்லை.